கரண்ட் கொண்டுபோன பத்து மாதம்

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முத்துமீனாள் டூட்டியில் இருந்தால் சங்கரன்கோவிலில் யாரும் நம்பர் சொல்ல மாட்டார்கள். ரிசீவரை எடுத்து, நம்ம மச்சான் கடைக்குக் குடும்மா என்பார்கள். யாருடைய மச்சான், எந்தக் கடை என்பதெல்லாம் அவள் பாடு. ஊரில் இருநூற்று நாற்பது இணைப்பு. அத்தனை நம்பரும், அத்தனை குரலும் அவளுக்குத் தெரியும். புளியங்குடி எலுமிச்சை மண்டியிலிருந்து யாராவது டாக்டரைத் தேடினால், இப்போது மணி பத்தரை, டாக்டர் வீட்டில் இருக்க மாட்டார், தேரடி மருந்துக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார் என்று அங்கேயே இணைத்துவிடுவாள். டைரக்டரி என்ற புத்தகம் அந்த ஆபீசில் தூசி படிந்து கிடந்ததற்கு அவள்தான் காரணம்.

புருஷன் தில்லைநாயகத்துக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் அவருக்கு நகல் எடுக்கிற வேலை. பதிவாகிற ஒவ்வொரு பத்திரத்தையும் பெரிய பெரிய புத்தகங்களில் கையால் எழுத வேண்டும். எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த வேலையில் ஒரு எழுத்தைக்கூடச் சுரண்டி அழிக்கக் கூடாது. தப்பாகிப்போனால் ஒரு கோடு போட்டு அடித்து, அடித்தது கண்ணுக்குத் தெரிகிற மாதிரி விட்டு, கடைசியில் அதைக் குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஒன்றும் அடிக்கவில்லை என்றால் ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுத வேண்டும். வீட்டிலும் அவர் அப்படித்தான். கத்தரிக்காய் சொத்தை என்றால் நான்தான் பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்று அவரே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று அவரைத் தெருவே கிண்டல் செய்தது. அவரைப் போய்த்தான் விதி அப்படி ஒரு பொய்யைச் சொல்ல வைத்தது.

கல்யாணமாகி எட்டு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண் பகவதி. எழுபத்தெட்டாம் வருஷம் புரட்டாசியில் அவளுக்கு ஆறு வயது, ஒன்றாம் வகுப்பு. ஒருநாள் காலை பதினொரு மணிக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குப் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் படுக்கையில் கிடந்த ஒருவர் உயில் எழுதுகிறார் என்று சார்பதிவாளர் அவர் வீட்டுக்கே போயிருந்தார், கூடவே தில்லைநாயகமும். பக்கத்து வீட்டு முப்பிடாதியம்மாள் பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, சண்முகையா பலசரக்குக் கடையிலிருந்து எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டாள். எடுத்தது முத்துமீனாள். போர்டில் வெளியூர் டிரங்க் கால்கள் வரிசையாகக் காத்துக் கிடந்தன. கஷாயம் வைத்துக் கொடு, டூட்டி முடிந்து வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருவது உலகத்தில் இல்லாததா என்ன? இரண்டு பத்துக்கு வீட்டுக்கு வந்தபோது பிள்ளைக்கு வலிப்பு கண்டிருந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் பகவதி போய்விட்டாள்.

மூன்று மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தாலும் இதுதான் முடிவு என்று பெரிய டாக்டரே சொன்னார். முத்துமீனாள் காதில் அது ஏறவில்லை. பதினாறாம் நாளுக்குப் பிறகு அவள் வாயில் இருந்தது ஒரே ஒரு பேச்சுதான். “டூட்டி முடிஞ்சு வாரேன்னுல்லா சொன்னேன்.” சுவரைப் பார்த்துச் சொல்வாள். சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொல்வாள். பிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள், குளிப்பதை நிறுத்தினாள். வைகாசிக்குள் அவளைத் தூக்கி உட்கார வைக்க ஒரு கை போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். கோயில் புற்றுமண்ணை நீரில் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார் தில்லைநாயகம். வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். இப்படியே விட்டால் ஆடி தாண்டாது என்று உள்ளூர் டாக்டர் சொன்ன பிறகுதான் மதுரைக்குக் கூட்டிப்போனார்.

மதுரை டாக்டர் எதையும் மறைக்கவில்லை. நெற்றிப்பொட்டில் இரண்டு பக்கமும் கம்பி வைத்து ஒரு கணம் கரண்ட் விடுவோம், மயக்க ஊசி போட்டுத்தான், வலி தெரியாது என்றார். பெரும்பாலும் எழுந்து நடமாடிவிடுவார்கள் என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார்: மறதி வரும். பழசெல்லாம் இருக்கும், கிட்டத்தில் நடந்தது போகும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. எவ்வளவு போகும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

போகட்டும் என்றுதான் தில்லைநாயகம் நினைத்தார். ஒளிக்காமல் சொல்ல வேண்டுமானால், சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்போது அவருக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவள் ஓயாமல் சொல்கிற அந்த ஒரு வாக்கியம் மட்டும் போய்விட்டால் போதும் என்று அம்மனை வேண்டிக்கொண்டு போட்டார்.

எட்டுத் தடவை வைத்தார்கள். ஆறாவது தடவைக்குப் பிறகு காபி கேட்டாள். எட்டாவது முடிந்த மறுநாள் காலையில் தலைசீவிப் பின்னல் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சிரித்தாள். பத்து மாதத்தில் அவர் பார்த்த முதல் சிரிப்பு. பிறகு கேட்டாள்:

“பிள்ளைய யாருகிட்ட விட்டுட்டு வந்திய?”

கரண்ட் அந்த வாக்கியத்தோடு நிற்கவில்லை. புரட்டாசியிலிருந்து எல்லாவற்றையும் கொண்டு போயிருந்தது. நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஈத்தாமொழியில் தில்லைநாயகத்தின் அக்கா பிரமு இருந்தாள். அந்த வீட்டில் போன் கிடையாது. “அக்கா வீட்டுல விட்டிருக்கேன். அங்கனதான் பள்ளிக்கூடம் போறா” என்றார். போன் இல்லாத வீடாகப் பார்த்துத் தன் வாய் எப்படிப் பொறுக்கியது என்று பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

மெதுவாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அடுத்த வாரம் சொல்லிவிடுகிறேன் என்றார் இவர்.

ஊருக்கு வந்து பத்தாம் நாள் முத்துமீனாள் வேலைக்குப் போனாள். பழைய நம்பர் ஒன்றுகூடத் தப்பவில்லை. கடைசி ஒரு வருஷத்தில் வந்த புது இணைப்புகள் மட்டும்தான் தெரியவில்லை. அவற்றையும் இரண்டே நாளில் ஏற்றிக்கொண்டாள். முன்னைவிட வேகம் என்று சூப்பர்வைசரே சொன்னார். இது போதாதா? கரண்ட் வைத்தால் மூளை தீட்டின அரிவாள் மாதிரி ஆகிவிடுகிறதாம் என்று ஊரில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. மேலநீலிதநல்லூர் நல்லகண்ணு கிரயம் முடிக்க வந்த இடத்தில் தில்லைநாயகத்தைத் தனியே கூப்பிட்டு, பேங்க் பரீட்சையில் நாலு தடவை கோட்டைவிட்ட தன் மருமகனுக்கு ஒரு நாலு கரண்ட் வைத்தால் நல்லதா, எட்டாகவே வைத்துவிடலாமா என்று விசாரித்தார். தில்லைநாயகம், “பெரியய்யா, அது எதக் குடுக்கும்னு சொல்லுதாவ. எத எடுத்துக்கிடும்னு சொல்ல மாட்டேங்காவ” என்றார். டாக்டர் சொல்லியிருந்தார்தான். இவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆனால் அந்த நாட்களில் அவர் சந்தோஷமாக இருந்தார் என்பதும் உண்மை. அவள் சாப்பிட்டாள். தூங்கினாள். அடுப்படியில் பாட்டு முனகினாள். மத்தியானம் அலுவலகத்துக்குப் போன் போட்டு, சாயங்காலம் என்ன குழம்பு வைக்கட்டும் என்று கேட்டாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் வீட்டுக்குள் நுழைவார். அவள் முகத்தைப் பார்த்ததும் நாளைக்கு என்று ஆகிவிடும். பிள்ளையின் மாலை போட்ட படத்தை அலுவலகப் பழைய ரிக்கார்டுகளுக்குள் ஒளித்தார். தெருவில் வீடு வீடாகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். சங்கரன்கோவில் ஒன்றும் ரகசியம் காக்கிற ஊரில்லை. ஆனால் அந்த நாற்பது நாளும் அந்த ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. அதற்காகவே அந்த ஊரை என்றைக்கும் மன்னிக்கலாம்.

பிள்ளைக்கு முத்துமீனாள் கடுதாசி எழுதினாள். தில்லைநாயகம் கேட்டுக்கொண்டபடி, பிள்ளை நல்லா இருக்கா என்று பிரமுவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அடுத்த கார்டு அலுவலக விலாசத்துக்கு வந்தது. தம்பி, இனிமேல் என்னால் இப்படி எழுத முடியாது என்று ஒரே வரி.

கோயில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பிள்ளையைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று முத்துமீனாள் ஒற்றைக்காலில் நின்றாள். சரி என்று சொல்லிவிட்டார். இரண்டு நாள் கழித்து வளையல் கடை சலாவுதீன் அவரைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

“அண்ணாச்சி, அக்கா கடைக்கு வந்தாங்க. பிள்ளைக்குப் பச்சை வளையல் கேட்டாங்க. பழைய அளவு எனக்குத் தெரியும்லா, அதை எடுத்தேன். ஒரு அளவு கூட்டியே குடுங்க, இந்நேரம் கை வளந்திருக்கும்னாங்க.” சலாவுதீன் அழுதுவிட்டார். “சொல்லிருங்க அண்ணாச்சி. என்னால தாங்க முடியல.”

தபசு முடிந்த மறுநாள் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு உறுதி செய்தார். பள்ளிக்கூடம் இருக்கிறது, தபசு முடிந்துதான் அக்கா பிள்ளையைக் கூட்டி வருவாள் என்று முத்துமீனாளிடம் சொல்லிவைத்தார். தபசுக்குச் சொந்தபந்தம் எல்லாம் வரும். யார் வாயிலிருந்தும் ஒன்றும் விழுந்துவிடக் கூடாதே என்று, பகவதி சாவுக்குத் துட்டி கேட்க வந்தவர்கள் பெயரையெல்லாம் நினைவிலிருந்து எழுதி, அவளிடம் எதுவும் பேசிவிடாதீர்கள் என்று ஒருவர் விடாமல் கார்டு போட்டார். முப்பத்தேழு கார்டு. பத்திரத்தில் ஒரு எழுத்தை விடாத மனுஷன் கோட்டைவிட்ட இடம் இதுதான். துட்டி கேட்டுவிட்டுப் போனவர்களுக்கு அந்தக் கடன் முடிந்துவிட்டது. அவர்கள் அதைப் பற்றிப் பேசப் போவதில்லை. கேட்காதவர்களுக்குத்தான் அது பாக்கி இருந்தது. எத்தனை மாதமானாலும் சரி, அந்த வீட்டு வாசலை முதலில் மிதிக்கும்போது அழுது விசாரித்துவிட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டும். அது தெரியாதவரில்லை அவர். ஆனால் வந்தவர்களை நினைத்து எழுதினாரே தவிர, வராதவர்களை நினைக்கவில்லை.

முத்துமீனாளின் பெரியம்மா மகள் ஆவுடையம்மாள் பம்பாயில் இருந்தாள். பகவதி போனபோது அவளுக்குப் பிரசவ சமயம், வர முடியவில்லை. தபசுக்கு முந்தின நாள் காலை பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வந்தாள். முத்துமீனாள் வாசலில் கோலத்துக்குச் செம்மண் இட்டுக்கொண்டிருந்தாள். யாரோ வருகிறார்கள் என்று நிமிர்ந்து, அக்காவா, வாக்கா என்றாள். துட்டிக்கு வந்தவளை யாரும் வா என்று கேட்பதில்லை. ஆவுடையம்மாளுக்கு அது வித்தியாசமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனால் அவள் பத்து மாத அழுகையைச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, தங்கச்சியைக் கட்டிக்கொண்டு, தெருவே கேட்க ஓவென்று கதறினாள். “என் பகவதி, கிளி மாதிரி பிள்ளைய மண்ணுக்குக் குடுத்துட்டியேட்டி.”

சவரம் செய்துகொண்டிருந்த தில்லைநாயகம் பாதி நுரையோடு ஓடிவந்தார். முத்துமீனாள் அக்காவின் தோளுக்கு மேலாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ தப்பு நடந்துவிட்டது, இவர் சரிசெய்துவிடுவார் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவர் வாயைத் திறக்காமல் நின்றார். அந்த நிலையிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“எப்பம்?” என்று கேட்டாள்.

“போன புரட்டாசி.”

அவள் விரல் மடக்கி எண்ணினாள். பிறகு கேட்டதை அவர் சாகிறவரை மறக்கவில்லை. “நான் அழுதேனா?”

“அழுத” என்றார். “ரொம்ப அழுத.”

அன்றைக்கு அவள் அழவில்லை. அதற்கடுத்த நாட்களிலும் அழவில்லை. யாரோ சொன்ன கதை மாதிரி இருக்கு, அழுகை வரமாட்டேங்கு என்று ஒரு தடவை சொன்னாள். ஊரெல்லாம் அழுது ஓய்ந்த சாவு. பெற்றவளுக்கு மட்டும் நேற்றுத்தான் சேதி வந்திருந்தது, அழுவதற்குப் பிடித்துக்கொள்ள ஒரு ஞாபகம்கூட இல்லை. சாப்பாடு மறுபடியும் குறைந்தது. மதுரைக்கு ஒருதரம் போய்விட்டு வருவோமா என்று கேட்டார் தில்லைநாயகம்.

“மறுபடியும் கரண்ட் வச்சா இதுவும் போயிரும்” என்றாள். “போனா நீங்க மறுபடியும் ஈத்தாமொழின்னு சொல்லுவிய. நானும் மறுபடியும் வளையல் வாங்கப் போவேன்.”

அவர் அடுப்படிக்குப் போய்ச் சுவரில் தலையை முட்டிக்கொண்டு அழுதார். அவளைக் காப்பாற்றத்தான் கையெழுத்துப் போட்டார். காப்பாற்றினது பொய்யில்லை, அவள் உயிரோடு இருந்தாள். ஆனால் இனி அவள் எதை நம்புவாள்? அவளுடைய பத்து மாதத்துக்கு உலகத்தில் இருந்த ஒரே நகல் அவர்தான். அந்த நகல் பொய் என்று ஆகிவிட்டது.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முத்துமீனாள் ஒரு குயர் வெள்ளைத்தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். நடந்ததை எழுதுங்கள், பத்திரம் எழுதுகிற மாதிரி எழுதுங்கள் என்றாள். அவர் எழுதினார். பிள்ளை என்றைக்கு என்ன பாவாடை கட்டியிருந்தாள், ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டில், கடைசியாக அம்மா என்று கூப்பிட்டது எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் எழுதினார். ஒன்றே ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். அந்த வாக்கியம் போகட்டும் என்றுதானே கையெழுத்தே போட்டார்? கரண்ட் அவளுக்குச் செய்த ஒரே நல்லது அதுதான். அதைத் தன் கையாலேயே எடுத்து அவளிடம் கொடுக்க முடியுமா?

அவள் வரிவரியாகப் படித்தாள். நம்பர்களை மனப்பாடம் செய்கிறவளுடைய படிப்பு அது. ஒரு இடத்தில் விரல் நின்றது.

“பதினோரு மணிக்கு வீட்டுக்கு வந்தான்னு எழுதியிருக்கிய. ரெண்டு பத்துக்கு நான் வந்தேன்னு எழுதியிருக்கிய. நடுவுல மூணு மணி நேரம் என்ன நடந்துது?”

முப்பிடாதியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றார்.

“அவ எனக்குச் சொல்லாம இருந்திருக்க மாட்டா. சண்முகையா அண்ணாச்சி கடையில போன் இருக்கு. நம்பர் நாப்பத்தாறு.” அவள் நிமிர்ந்து பார்த்தாள். “போன் வந்துதா?”

தில்லைநாயகம் பேனாவை மூடினார். பிறகு திறந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நிரூபிக்க அவளிடம் ஒன்றும் கிடையாது. முப்பிடாதியம்மாளும் சண்முகையாவும் அவர் கும்பிட்டால் கேட்பார்கள். ஆனால் அவள் தாளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு பொய்யோடு அந்த வீட்டில் இருக்க அவருக்குத் தெம்பில்லை.

“வந்துது” என்றார்.

“யாரு எடுத்தா?”

“நீதான்.”

“என்ன சொன்னேன்?”

“டூட்டி முடிஞ்சு வாரேன்னு சொன்ன.”

“அப்படித்தான் சொல்லியிருப்பேன்” என்றாள்.

முன்னாலேயே வந்திருந்தாலும் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னதையும் எழுதட்டுமா என்று கேட்டார். அது டாக்டர் நினைத்தது, நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்றாள். எழுதினார். ஒரு எழுத்துக்கூடக் கோணவில்லை. அத்தனை வருஷப் பழக்கம். கீழே ‘அடித்தல் திருத்தல் இல்லை’ என்று எழுதச் சொன்னாள். எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் அதை வாங்கி மடித்துப் பச்சை வளையல்களோடு பெட்டியில் வைத்தாள்.

மறுநாள் திங்கட்கிழமை. காலை ஆறு மணி டூட்டிக்குப் போனாள். கூட வேலை பார்த்த பெண் சொல்லித்தான் மற்றது தில்லைநாயகத்துக்குத் தெரியும். பத்தே முக்கால் வரை எப்போதும்போல இருந்திருக்கிறாள். அப்போது போர்டில் நாற்பத்தாறாம் நம்பரிலிருந்து அழைப்பு என்று காட்டும் சின்னத் தகடு விழுந்திருக்கிறது. எடுத்து, நம்பர் என்ன என்று கேட்டிருக்கிறாள். பேசியது சண்முகையா, சீனி மூட்டை வரவில்லை என்று மொத்தக் கடைக்குக் கேட்டார். இணைத்துக் கொடுத்திருக்கிறாள். கொடுத்துவிட்டு, காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்துவிட்டாள். டூட்டி முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. இரண்டு டிரங்க் கால் காத்திருந்தது. கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

பதினாறு வருஷ வேலையில் அவள் பாதியில் எழுந்து போனது அதுதான் முதல் தடவை. செருப்பு போடாமல், கடைத்தெரு வழியாக, யார் கேட்டதற்கும் பதில் சொல்லாமல் வேகமாக நடந்திருக்கிறாள். போன் வந்ததும் தில்லைநாயகம் அலுவலகத்திலிருந்து ஓடினார். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. பகவதியை அன்றைக்குப் படுக்க வைத்திருந்த இடம் எது என்று தாளில் எழுதியிருந்தாரே, ஜன்னலுக்குக் கீழே, அந்த இடத்தில் முத்துமீனாள் மண்டிபோட்டு உட்கார்ந்து, வெறுந்தரையைத் தடவித் தடவி அழுதுகொண்டிருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்று அடித்தது.

“வந்துட்டேன் மக்கா” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். “வந்துட்டேன்.”